சுட்டிக்குக் கொடுத்த பால்

மாட்டுப்பட்டியின் வாசல் நிலைக்கு மேலே ஆறு ஆணிகள் இருந்தன. ஒவ்வோர் ஆணியிலும் தென்னங்கயிற்றால் பின்னிய வாய்க்கூடை ஒன்று தொங்கும். கன்றுகளின் வாய்க்கு மாட்டுவதற்காகக் கன்றுக்கார அக்கா பின்னியவை அவை. கயிறு கன்றின் மூக்கைக் கீறிவிடக் கூடாதென்று ஓரம் முழுக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருந்தாள். ஆறுக்கும் ஒரே சேலை, வெளுத்துப்போன குங்கும நிறம். அவற்றைக் கொண்டுவந்த காலையில் ஏழாவதாக ஒன்றைத் தனியே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எங்க வீட்டு ஆளுக்குங்க ஐயா. முன்னாடியே வாயக் கட்டிவுட்டிருந்தா கங்காணிகிட்ட மல்லுக்கு நின்னு பேரு போயிருக்காது" என்றாள். டாக்டர் ஐயா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியாமல் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அது முழுக்கச் சிரிப்புக்கான பேச்சு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, அடுத்து என்ன என்று யாரும் சொல்லாததால் நானும் கேட்காமல் வீட்டில் இருந்தேன். தோட்டத்துக்குச் சொந்தமான மாட்டுப்பட்டியில் சீமை மாடுகள் இருந்தன. கன்று போட்ட சில நாட்களிலேயே சில பசுக்கள் தீனி எடுக்காமல் சோர்ந்து விழும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவதுதான் காரணம் என்றும், கார்ட்டிசோன் என்ற புது மருந்து அதைத் தூக்கி நிறுத்துகிறது என்றும் சொன்னார்கள். அந்த மருந்து உடம்புக்குள் வேறு என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் டாக்டர் ஐயா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாட்டு வைத்தியம் படித்தவர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நேரம் பார்த்து எழுதவும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவவும் படித்த பிள்ளை ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னை அனுப்பினார்.

டாக்டர் ஐயா செய்ய நினைத்தது, கேட்டால் எளிதான காரியம்தான். இரண்டு மாதம் ஆன ஆறு காளைக் கன்றுகள். மூன்றுக்கு ஒரு வாரம் தினமும் கார்ட்டிசோன், மூன்றுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் மாலையிலிருந்து ஆறையும் வாய்கட்டிப் பட்டினி போட்டு, மறுநாள் காலையில் கழுத்து நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பது. அதன்பின் இன்சுலின் ஊசி போடுவது. இன்சுலின் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்கும். அரை மணிக்கொரு தரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். கார்ட்டிசோன் வாங்கிய கன்றுகளில் இன்சுலின் அவ்வளவாக வேலை செய்யாது என்பது அவருடைய ஊகம். பட்டிக்குப் பக்கத்து அறையில் அந்த ரத்தத்தை மருந்துகளோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் குழாயில் நீலம் பிறக்கும். சர்க்கரை அதிகமானால் நீலம் அடர்த்தி, குறைந்தால் வெளிறல். ஆறு குழாய்களை வரிசையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, மழை விட்ட பிறகு தெரியும் மலைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டு போகும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று பிடித்திருந்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. இப்படி எழுதுவது சரியா என்றும் தோன்றுகிறது.

கன்றுகளைப் பார்த்துக்கொள்ள அக்கா இருந்தாள். தோட்டமே அவளைக் கன்றுக்கார அக்கா என்றுதான் சொல்லும். முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். முன்பு கொழுந்து பறித்தவள். மழை நாளில் நிறைகூடையோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் இடது கணுக்கால் உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. சமதரையில் விறுவிறுவென்று நடப்பாள், மலை ஏற முடியாது. கணவனின் பேரைக் கங்காணியோடு நடந்த சண்டையில் முன்பே பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். அவன் ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் கிடைத்த நாளுக்குக் கூலி வேலை செய்தான். ஆகவே தோட்டத்துப் பேர்ப் பதிவில் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்தது அவள் பேர் மட்டும்தான். தொழிலாளர் வரிசை வீடுகளில் அவர்களுக்கு இருந்த ஓர் அறை, அந்த லயத்துக் காம்பிரா, அந்தப் பேரில் நின்றது. மாட்டுப்பட்டியில் வேலை இருக்கும்வரை பேர் இருக்கும், பட்டியை விட்டால் மறுபடி மலைதான் என்று கண்டாக்கையா அவளிடம் சொல்லியிருந்தார். அவர்தான் வயல் வேலைகளையும் பட்டியையும் மேற்பார்வை பார்ப்பவர்.

கன்றுகளுக்குப் பேர் வைக்கக் கூடாது என்று டாக்டர் ஐயா சொல்லியிருந்தார். காதில் மாட்டிய தகட்டில் எண் இருந்தது, அது போதும் என்பது அவர் கட்சி. பேர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் கண் பிசகும் என்றார். அக்கா சரிங்க ஐயா என்று தலையாட்டினாள். மறுநாளே ஆறு கன்றுகளுக்கும் பேர் இருந்தது. ஆறாவது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழுந்த கறுப்பன். அவன்தான் சுட்டி. கார்ட்டிசோன் வாங்கிய மூன்றில் ஒன்று. மற்றவை வாளியில் பால் குடிக்கும்போது அவன் மட்டும் வாளியை முட்டிக் கவிழ்த்துவிட்டு அக்காவின் விரலைச் சப்புவான்.

"ஆறாம் நம்பருக்கு என்ன நடந்தது? ஏன் பால் குறைவு?" என்று டாக்டர் ஐயா கேட்பார்.

"ஆறாம் நம்பரு நல்லாத்தாங்க குடிச்சாரு. சுட்டிதான் கொட்டிப்புட்டான்" என்பாள் அக்கா.

"இரண்டும் ஒண்டுதானே அம்மா."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நீங்கதான் நம்பரு வேற, கன்னு வேறங்கிறீங்க."

என்னையும் விடமாட்டாள். நான் எந்நேரமும் பென்சிலும் கையுமாக இருப்பதால் எனக்கு எழுத்தம்மா என்று பேர் வைத்திருந்தாள். "எழுத்தம்மா, கன்னு தும்முச்சே, அதை எழுதலியா?" என்பாள். கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டால் பாப்பா என்று இறங்கி வருவாள். பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குப் போய்வர நேரம் இருந்தது. ஆனாலும் நான் போகாமல், புல் கட்டின்மேல் உட்கார்ந்து அவள் கொண்டுவரும் ரொட்டியில் பாதியைத் தின்றேன். கட்டைச் சம்பலில் அவள் போடும் உறைப்பு கண்ணில் நீர் வரவழைக்கும். போத்தலில் கொண்டுவந்த பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியை இருவரும் மாற்றி மாற்றிக் குடிப்போம். வாத்தியார் மகள் லயத்துச் சாப்பாடு சாப்பிடுகிறாள் என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா கேட்டபோது நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது சின்னப் பொய். இல்லை என்ற சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்று அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் சோதனை நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தம் கேட்கும்போதே நாங்கள் மூவரும் பட்டியில் இருந்தோம். வாய்கட்டிய ஆறு கன்றுகளும் பசியில் குரல் கம்மிக் கத்தின. டாக்டர் ஐயா வரிசையாக ஆறுக்கும் ரத்தம் எடுத்தார். பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து முடிந்ததும் ஊசி மழுங்கிவிட்டது என்று வேறு ஊசியைக் கொதிக்க வைக்கப் பக்கத்து அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். திரும்பி வந்து ஆறாம் கன்றுக்கும் போட்டார். அன்று பகல் முழுவதும் குழாய்களைக் கழுவினேன், கொதிக்க வைத்தேன், எழுதினேன். கார்ட்டிசோன் வாங்காத மூன்றிலும் நீலம் நீர்த்துப்போனது. வாங்கியவற்றில் இரண்டு ஓரளவு இறங்கி நின்றன. ஆறாம் கன்றின் நீலம் மட்டும் இறங்கவே இல்லை. ஒரு குழாயில் முன்னைவிடக்கூட அடர்த்தியாக இருந்தது.

டாக்டர் ஐயா அந்தக் குழாயைச் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. "பிள்ளை, இதைப் பாரும். மருந்து இன்சுலினை அப்படியே மறிச்சுப் போட்டுது" என்றார். அவர் என்னிடம் நெல்லிக்காய் கிடைத்த பள்ளிக்கூடத்துப் பையன் போலப் பேசியது அன்று ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை ஆறாம் கன்றுக்கு மட்டும் இன்சுலினை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அதைத் தேதியிட்டுக் குறித்து வைக்கச் சொன்னார். குறித்து வைத்தேன்.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "உங்க சுட்டிதான் எல்லாரையும் அசத்திட்டான் அக்கா. அவன் மேல இன்சுலினே ஏறலயாம். மருந்து அப்படி வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

அவள் மென்று முடித்துவிட்டுச் சிரித்தாள். "மருந்தாவது மண்ணாவது. பாலு பாப்பா, பாலு."

எனக்குப் புரியவில்லை.

"டாக்டரு ஐயாவும் நீங்களும் ஊசி காய்ச்சப் போனீங்கள்ல? அப்ப கூடையக் கழட்டி, ஒரு சொம்புப் பாலுல ஒரு கை சீனி போட்டுக் கலக்கிக் குடுத்தேன். ஒரே மூச்சுல இழுத்துட்டான். மத்ததுக்கும் குடுத்திருப்பேன், அதுக்குள்ள அதுங்களுக்குக் குத்தியாச்சு."

"ஏன் அக்கா குடுத்தீங்க?"

"என்ன பாப்பா கேக்குறீங்க? ஆஸ்பத்திரிக் காம்பிராவுக்கு ஊசிக்குப் போனா டிஸ்பென்சரு ஐயா எங்கள என்னா கேப்பாரு? தின்னியா, தின்னியான்னுதான கேப்பாரு? வெறும் வயித்தோட ஊசி போட்டா மயங்கி விழுந்துடுவே, போய் ரொட்டியத் தின்னுட்டு வான்னு வெரட்டி வுடுவாரு. பெரிய மனுசனுக்கே அப்படின்னா பச்சப்புள்ளைக்கு? டாக்டரு ஐயா படிச்சவரு, அவரு மறந்துட்டாருன்னு நெனச்சேன்."

லயத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. பிள்ளைக்கு ஊசி என்றால் முதலில் வயிற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அவள் திருட்டுத்தனம் செய்யவில்லை. ஒரு தாய் எதை மறக்காமல் செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். இந்த ஊசிக்கு மட்டும் பட்டினிதான் விதி என்பதை நாங்கள் இருவரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. வாய் கட்டு என்றோம், கட்டினாள். ஏன் என்று சொல்லவில்லை.

நான் விளக்கினேன். பாலிலிருந்த சர்க்கரைதான் சுட்டியைத் தாங்கியது, அதை மருந்தின் வேலை என்று டாக்டர் நம்பிவிட்டார் என்றேன். அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். "சொல்லிப்புடாதீங்க பாப்பா. என் ரெண்டு பொட்டப்புள்ளைங்க மேல ஆணை. கண்டாக்கையா காதுல வுழுந்தா அவ்வளவுதான். இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் எந்த மலை ஏறுவேன்?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளையும் எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. டாக்டரிடம் சொன்னால் இரட்டிப்பு ஊசி நின்றுவிடும், கன்று தப்பும், அக்காவின் பேர் போகும். சொல்லாமல், மறுபடியும் பால் கொடுங்கள் என்று அக்காவிடமே சொன்னால் கன்றும் தப்பும், பேரும் தப்பும். ஆனால் ஒரு பொய்யின்மேல் இன்னொரு பொய் ஏறும், அதை என் கையே எழுதும். அப்பா எங்களைப் பொய் எழுத வளர்க்கவில்லை. கடைசியில் நான் செய்தது இரண்டும் இல்லை. அக்காவைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு மடங்கு ஊசின்னீங்களே. அந்த மருந்து அவனக் காப்பாத்துமா பாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"காப்பாத்தும் அக்கா" என்றேன்.

எனக்கு அது தெரியாது. யோசிக்காமல் சொன்ன சொல் அது. மற்ற இரண்டு கன்றுகளை மருந்து ஓரளவு தாங்கியதே, இவனையும் தாங்கும் என்று உள்ளுக்குள் எண்ணியிருக்கலாம். இது பின்னால் நானே எனக்காகக் கட்டிக்கொண்ட சமாதானமாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மலையெல்லாம் மூடுபனி. பட்டியின் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அன்று சுட்டி மட்டும்தான். டாக்டர் ஐயா முதல் ரத்தம் எடுத்துவிட்டு அறைக்குப் போனார். நான் போகவில்லை. அக்கா சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, கூடை மாட்டிய வாயால் அவள் வயிற்றை முட்டினான். கட்டிய கையைப் பிரிக்கப் பார்த்தான். அவள் பிரிக்கவில்லை. பால் வாளி இரண்டடியில் மூடி போட்டு இருந்தது. அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு சின்னத் தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் என் சொல்லைக் கேட்டாள். டாக்டர் சொல்லைக் கேட்காதவள், என் சொல்லைக் கேட்டாள்.

ஊசி போட்டு அரை மணி ஆகவில்லை. சுட்டியின் தோள் தோல் ஈ உட்கார்ந்தது போலத் துடிக்க ஆரம்பித்தது. முன்கால்கள் விரிந்தன. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. முட்டி மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். கால்கள் காற்றில் ஓடின. கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"ஐயா! அன்னைக்கு நான் பாலு குடுத்தேங்கய்யா! மருந்து இல்லங்கய்யா, பாலு! நான்தான் குடுத்தேன்!" அக்கா மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

டாக்டர் ஐயா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, அந்தக் குளுக்கோஸ் போத்தலைக் கொண்டு வாரும், கெதியா!" என்றார். பெரிய சிரிஞ்சில் இழுத்துக் கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினார். அக்கா சுட்டியின் தலையைத் தன் மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். சிரிஞ்சு காலியாகும் முன்பே ஓடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. கண் திரும்பி வந்தது. காது ஒன்று அசைந்தது. இரண்டாவது சிரிஞ்சு முடிந்த சிறிது நேரத்தில் சுட்டி தலையைத் தூக்கி, எதுவும் நடக்காதது போல் அவள் விரலைத் தேடினான்.

சத்தம் கேட்டுக் கண்டாக்கையா வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் ஐயா கைகளைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"பிள்ளை, உமக்கு இது தெரியுமோ?"

"இல்லை" என்றேன்.

அக்கா தலை நிமிரவில்லை. முந்தானையால் சுட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "பாப்பாவுக்கு எப்படிங்க தெரியும்? அது எழுதுற புள்ள. நான்தான் புத்தி கெட்டுப் போய்ச் செஞ்சேன்."

மறுநாள் பெரட்டில் அவள் பேரைக் கொழுந்து மலைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஐயா தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "நான் கேட்டுப் பார்த்தன். அவர் கேக்கேல்லை" என்றார். முதல் நாள் பக்கத்தில் ஆறாம் கன்றுக்கு எதிரே இருந்ததையெல்லாம் தன் கையாலேயே குறுக்கே அடித்தார். ஓரத்தில் 'பால் கொடுக்கப்பட்டது' என்று எழுதினார். யார் கொடுத்தது என்று எழுதவில்லை. என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். அதன்பின் என்னை அவர் எதுவும் கேட்கவில்லை, குழாய்களைச் சன்னலோரம் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை.

மூன்று வாரம் அவள் மலை ஏறினாள். அறைச் சன்னலிலிருந்து எதிர்ச் சரிவு தெரியும். பெண்கள் நிரை பிடித்து ஏறிக்கொண்டிருப்பார்கள், அவள் மட்டும் நிரைக்கு வெகு கீழே, ஒரு கால் வைத்து மறு காலை இழுத்து, செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பொழுது இறங்கிவிடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். காம்பிரா பூட்டியிருந்தது. அடுத்த காம்பிராப் பெண் அரிசி புடைத்துக்கொண்டே, "பேரை வெட்டிட்டாங்க. வியாழக்கிழமையே போயிட்டாங்க. கொத்மலப் பக்கம் அது புருசனோட அண்ணன் இருக்கிற தோட்டத்துக்கு. எந்தத் தோட்டம்னு சொல்லலீங்க" என்றாள். சுளகைத் தட்டிவிட்டு, "உங்களைத்தான் கேட்டுச்சு. பாப்பா அந்தக் கறுப்பனுக்குப் பாலு ஒழுங்கா வைக்கிறாங்களான்னு" என்றாள்.

வைத்தேன். டாக்டர் ஐயாவின் வேலை முடிந்து கன்றுகளைக் கிராமத்து ஆட்களுக்குக் கொடுக்கும்வரை நானே வைத்தேன். சுட்டி என் விரலைச் சப்பவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இவருக்குத் தேயிலை பக்டரி ஆபீசில் வேலை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு கால், பிறகு வயிறு. சிறுநீரகத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பெயரை இரண்டு தடவை படித்தேன். கார்ட்டிசோன் குடும்பத்து மருந்து. நல்ல மருந்துதான், வீக்கம் வடிந்தது, குழந்தை சிரித்தது. ஆனால் அந்த மருந்து உடம்பிலுள்ள இன்சுலினை எதிர்த்து நிற்கும், சர்க்கரை ஏறலாம் என்று டாக்டர் அம்மா எச்சரித்தார். சிறுநீரைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். என்னை வியப்போடு பார்த்துவிட்டு நீல மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். தினமும் காலையில் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்கிறேன். பட்டியறையில் நீலம் அடர்ந்தால் சர்க்கரை அதிகம். இது வேறு கணக்கு, நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சையாகித் திரிந்தால் இருக்கிறது. நீலமாகத்தான் இருக்கிறது. இருந்தும் இரண்டாம் முறை காய்ச்சுகிறேன். அப்போதெல்லாம் பக்கத்தில் அக்கா நின்று, "எழுத்தம்மா, புள்ள தும்முச்சே, அதை எழுதலியா?" என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

உப்பு கூடாது என்றும் டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு. குழந்தை வாயில் வைத்துவிட்டுத் துப்புவாள். மருந்தோ பசியைக் கிளப்பிவிடும். பசித்த பிள்ளை கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுவதை ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். கிண்ணத்தை நக்கினாள். அதற்கடுத்த நாளும் போட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவின் கை அன்று எப்படி வாய்க்கூடையை அவிழ்த்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவளுக்காவது அது சரி என்ற நம்பிக்கை இருந்தது. நான் தெரிந்தே செய்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தையின் பாதம் மறுபடி வீங்கியிருந்தது. டாக்டர் அம்மா விரலால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் நின்றது. மருந்து போதவில்லை போலிருக்கிறது, மாத்திரையை இரண்டு மடங்காக்குவோம் என்று மருந்துத் துண்டை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"உப்பு குடுத்ததா?"

இல்லை என்ற சொல் நாக்குக்கு வந்துவிட்டது. அது பழகிய சொல், எப்போதும் முதலில் வருவது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அம்மாவின் பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

"குடுத்தேன். நான்தான் குடுத்தேன். நாலு நாளாக் குடுக்கிறேன்" என்றேன்.

பேனா நின்றது. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சொன்னது நல்லது" என்றார். எழுதியதை அடித்துவிட்டு, "பழைய அளவே போதும். உப்பு வேணாம். ஒரு கிழமை பார்ப்போம்" என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வாங்குப் பலகையில் குழந்தையோடு உட்கார்ந்தேன். இவ்வளவுதானா? ஒரு மூச்சுக்குள் சொல்லி முடிந்துவிடுகிற இந்தச் சொல்லுக்காகவா அவள் அந்த மலையை மூன்று வாரம் ஏறினாள்? நான் சொல்லியிருந்தாலும் அவள் பேர் போயிருக்கலாம். தெரியாது. ஆனால் அவள் அங்கே தனியாக நின்றிருக்க மாட்டாள்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இவரிடம் சொன்னால் உப்பு ஏன் போட்டாய் என்பார். அம்மாவிடம் சொன்னால் பழைய கதை எதற்கு என்பாள். கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியவள் ஒருத்திதான். கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அப்பாவின் வாத்தியார் நண்பர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆளின் பேர் என்ன என்று கேட்பார்களே என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறு கன்றுகளுக்கும் அரை மணிக்கொரு தரம் எழுதினேன், அவள் பேரை ஒரு தரமும் எழுதவில்லை. கேட்கவும் இல்லை. அக்கா என்றே கூப்பிட்டேன்.

ஆகவே கடிதத்தில் இப்படித்தான் எழுதினேன், இங்கேயும் அதையே எழுதுகிறேன். பேர் தெரியாது. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். இடது கணுக்கால் கோணல். இரண்டு பெண் பிள்ளைகள். வாயாடி. மாடு கன்று கண்ணில் பட்டால் நின்று பேர் வைத்துவிட்டுத்தான் போவாள். அப்படி யாரையாவது பார்த்தால், பாப்பா இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள்.